மேட்டு மலைக்கு இரண்டு வாக்குறுதி

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் யாருக்காவது சிங்களத்தில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் முதலில் தட்டுகிற கதவு பெற்றீசியா அக்காவுடையது. பொலிஸ், ஆஸ்பத்திரி, நுவரெலியா அரசாங்கக் கச்சேரி, எங்கே போனாலும் அவர் கூட வந்தால் பாதிக் காரியம் முடிந்த மாதிரி. மெலிந்த உடம்பு, ஐம்பதைத் தொடப்போகும் வயது. குரல் மட்டும் ஆளுக்குச் சம்பந்தமில்லாமல் கணீரென்று இருக்கும். புருஷன் அன்டனுக்கு நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. வாரத்துக்கு ஒரு நாள் வந்து தூங்கிவிட்டுப் போவார். ஆகவே வீடும் தேயிலையும் அக்கா தலையில்தான்.

அக்கா சிங்களம் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை. குமரியாக இருந்தபோது கட்டுநாயக்காவுக்குப் போய் ஒரு கார்மெண்டில் பல வருஷம் தைத்தார். அந்த இடத்துக்குச் சுதந்திர வர்த்தக வலயம் என்று பெயர். "சுதந்திரம் சட்டைக்குத்தான் தம்பி. நாங்க கக்கூசுக்குப் போகக்கூட டோக்கன் வாங்கணும்" என்பார். ஆனால் போர்டிங்கில் கூட இருந்த சிங்களப் பிள்ளைகளைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டார். ஒரே சட்டியில் ஆக்கித் தின்றவர்கள். ஒருத்தி காய்ச்சலில் விழுந்தால் மற்றவள் அவள் பங்கையும் சேர்த்துத் தைத்துக் கொடுப்பாளாம். அப்படி ஒட்டிக்கொண்டு வந்த மொழி அது.

ஊருக்காகப் பேசும்போது அக்கா ஒரு வேலை செய்வார். இரண்டு மொழிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மலையகத்து ஆட்கள் பலரும் செய்வதுதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எரிந்து விழுந்து, இந்தத் தோட்டத்து ஆட்களுக்கு எத்தனை தடவைதான் சொல்வது என்று சிங்களத்தில் கத்தினால், அக்கா திரும்பி, "கொஞ்சம் நேரமாகுமாம், உக்காரச் சொல்றாங்க" என்பார். எங்கள் தோட்டத்து ஆண்டியப்பன் அண்ணன் தபால் கந்தோரில் உத்தியோகத்தர் முன்னால் நின்று, "இவனுக்குக் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு" என்று குதித்தால், அது சிங்களத்தில், "மாத்தயா, கொஞ்சம் பார்த்துச் செய்வீர்களா" என்று போய்ச் சேரும். மாத்தயா சிரிப்பார். தன் சத்தத்துக்குப் பயந்துதான் சிரிக்கிறார் என்று ஆண்டியப்பன் மீசையைத் தடவிக்கொள்வார். காரியம் நடந்துவிடும். சண்டை வரக் கூடாது, அக்காவுக்கு அவ்வளவுதான். நல்ல பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நாடே பெற்றோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்றதற்கு அடுத்த வருஷம் தோட்டக் கம்பெனி கையை விரித்தது. நாள் சம்பளம் இனிக் கட்டுப்படியாகாது, தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பத்துக்கு ஒன்று தருகிறோம், நீங்களே பராமரித்துக் கொழுந்தை நீங்களே விற்றுக்கொள்ளுங்கள் என்றது. இனி நீங்களும் முதலாளிதான் என்று தோட்டத்தை நடத்தும் துரை மேடையேறிச் சொன்னபோது ஜனத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நிலம் யாருக்கும் சொந்தமாகவில்லை, பார்த்துக்கொள்ளும் உரிமை மட்டும்தான். அதிலும் நல்ல துண்டெல்லாம் துரைக்கு வேண்டியவர்களுக்குப் போனது. பெற்றீசியா அக்காவுக்கும் ஆண்டியப்பனுக்கும் இன்னும் சில குடும்பங்களுக்கும் விழுந்தது மேட்டு மலை. தேயிலை எது, மானாப்புல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத காடு.

அக்கா அந்தக் காட்டோடு மல்லுக்கட்டினார். புல்லை வெட்டி, கிளையைக் கழித்துச் செடியைக் கவ்வாத்துப் பண்ணி, செத்த இடத்தில் புதுக் கன்று வைத்து, இரண்டே வருஷத்தில் பச்சையாக்கிக் காட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக 'என் மலை' என்று சொல்ல அவருக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. அது கையை விட்டுப் போய்விடுமோ என்பதுதான் அவருக்கிருந்த ஒரே பயம்.

கொழுந்தை வாங்கியவர் அபேகோன் முதலாளி. கம்பெனி தன் பெக்டரியை மூடிய பிறகு, வலப்பனைப் பக்கம் இருந்த அவருடைய பெக்டரியை விட்டால் எங்களுக்கு வேறு கதி இல்லை. நாங்கள் மட்டுமல்ல, கீழே சிங்களக் கிராமத்தில் அரை ஏக்கர், கால் ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்களும் அவருக்கே கொடுத்தார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவம் இரண்டு பேருக்கும் ஒன்று. தராசும் ஒன்று, லொறியும் ஒன்று.

முதலாளிக்குப் பேச்சு என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிளப் மண்டபத்தில் ஆட்களைக் கூட்டிவைத்துச் சிங்களத்தில் பேசுவார். அக்கா பக்கத்தில் நின்று தமிழில் சொல்வார், அதற்கு முதலாளி ஏதோ கையில் வைப்பார். சந்தைக்கு இனம் தெரியாது, மதம் தெரியாது என்பார் முதலாளி. கெட்டிக்காரன் முன்னேறுவான், அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், தொழிற்சங்கம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், உங்களை இத்தனை காலம் கையேந்த வைத்தவர்கள் அவர்கள்தான் என்பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அக்கா அதில் சர்க்கரை வேறு சேர்த்தார். 'சோம்பேறித்தனத்தை விடுங்கள்' என்று முதலாளி சொன்னால், தமிழில் அது, "உங்க ஒழைப்ப நீங்க நம்பணும்னு ஐயா சொல்றாரு" என்று வரும். ஜனம் கைதட்டும்.

நான் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் சின்னக் கடை வைத்திருப்பவன். சந்தை என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். விற்கிறவன் நூறு பேர், வாங்குகிறவன் ஒரே ஆள் என்றால் அதற்குப் பெயர் சந்தை இல்லை, பொறி. இதை நான் கடையில் இருந்துகொண்டே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பருப்பு வாங்க வந்தவர்கள் பருப்பை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் கொழுந்து விலை சரிந்தது. போதாக்குறைக்குத் தண்ணீர்க் கழிவு என்று ஒன்று வந்தது. கொழுந்து நனைந்திருக்கிறது என்று சொல்லி ஒவ்வொரு சாக்கிலும் நிறையைக் குறைத்தார்கள். ஜனம் முணுமுணுக்கத் தொடங்கியதும் முதலாளியின் பேச்சு திசை மாறியது. சந்தையில் கோளாறு இல்லையாம். கிராமத்து ஆட்கள் தண்டும் தண்ணீருமாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்களாம், எல்லாம் ஒரே லொறியில் கலந்து போவதால் எங்களுக்கும் விலை விழுகிறதாம். அக்கா இதையும் மென்மையாக்கித்தான் சொன்னார். என்றாலும் விஷம் இறங்கிவிட்டது. மடுவத்தில் கிராமத்துப் பெண்கள் வந்தால் எங்கள் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களும் எங்களைப் பார்த்து அதையே செய்தார்கள். ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. முதலாளி பிரதேச சபைக்கு நின்றார், மதிலெல்லாம் அவர் முகம். கிளப்பில் கூட்டம் போட்டு, தான் வென்றால் மேட்டு மலைக்கு எங்கள் பெயரில் உறுதிப் பத்திரம் வாங்கித் தருவதாகச் சத்தியம் பண்ணினார். அதைத் தமிழில் சொன்னபோது அக்காவின் குரல் தழுதழுத்தது.

ஒரு வாரம் கழித்து, ஆள் சேர்க்கும் வேனில் அக்காவையும் ஏற்றிக் கிராமத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தமிழுக்கு வேலை இல்லை. அக்கா பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, திரும்பி வந்ததும் நேரே என் கடைக்குள் நுழைந்தார்.

"தம்பி, கிளப்புல பேசுனதும் இந்த மனுசன்தானா? மேட்டு மலைய கிராமத்துப் பயலுகளுக்குப் பிரிச்சுக் குடுப்பேங்கிறாரு. நம்ம வெளியில இருந்து வந்த கூட்டமாம். நம்ம கொழுந்த நனைச்சுப் போடுறதாலதான் அவங்களுக்கு வெல விழுதாம்."

"ஒரே மலைய ரெண்டு பக்கமும் வித்திருக்காரு. யாவாரின்னா அவருதான் யாவாரி" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "வெல ஏறுனா சந்தைங்கிறாரு. எறங்குனா அடுத்தவன் குத்தம்ங்கிறாரு. சந்தைக்கு இனம் தெரியாதுன்னு சொன்ன வாயி இப்ப இனத்தத் தவிர வேற எதுவும் பேசல. அம்புட்டையும் இனிக்க இனிக்கச் சொன்னது நான்தானே."

"ஆண்டியப்பண்ணன்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா கவ்வாத்துக் கத்திய எடுத்துக்கிட்டு கிராமத்துக்கு எறங்கிருவாரு. அந்த ஜனங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

கடைசிக் கூட்டத்துக்கு எங்கள் விளையாட்டு மைதானம் ஒன்றுக்குத்தான் அனுமதி கிடைத்தது. வேறு வழியில்லாமல் முதலாளி கிராமத்து ஆட்களையும் எங்களையும் ஒரே இடத்தில் கூட்டினார். வலது பக்கம் அவர்கள், இடது பக்கம் நாங்கள், நடுவில் யாரும் மிதிக்காத புல். மேடை ஏறுவதற்கு முன் அக்காவின் தோளைத் தட்டி, "நங்கி, வழக்கம்போல அழகாகச் சொல்லிவிடு" என்றார் சிங்களத்தில். நங்கி என்றால் தங்கச்சி. மனுஷன் அந்த நம்பிக்கையில்தான் துணிந்தார். எங்கள் பக்கத்தில் சிங்களம் நன்றாகத் தெரிந்த இளசுகளெல்லாம் கொழும்பில் வேலைக்குப் போயிருந்தார்கள். என்னைப்போல ஒன்றிரண்டு பேரைத் தவிர, இருந்தவர்களுக்குக் கடைத்தெருச் சிங்களம் விளங்கும், மேடைச் சிங்களம் பிடிபடாது.

கிராமத்தில் பேசியதை அப்படியே அவிழ்த்துவிட்டார். பாட்டன் மண், வெளியிலிருந்து வந்தவர்கள், வீணாகக் கிடக்கும் மேட்டு மலை, அதை மீட்டு நம் பிள்ளைகளுக்குத் தருவேன் என்ற சபதம். வலது பக்கத்தில் சிலர் கைதட்டினார்கள். இடது பக்கத்தில் எங்கள் அப்பாவி ஜனமும் சேர்ந்து தட்டியது. கடைக்குச் சாமான் எடுக்கப் போய்ச் சிங்களம் பழகிய எனக்கு ஓரளவு விளங்கியதால் உடம்பு கூசியது.

மைக் அக்காவிடம் வந்தது. அவர் இரண்டு பக்கத்தையும் ஒரு தடவை பார்த்தார். முதலாளி சிரித்தபடி தலையை ஆட்டி, சொல்லு சொல்லு என்றார்.

"ஐயா என்ன சொல்றாருன்னா" என்று தொடங்கினார் அக்கா. "இது அவங்க பாட்டன் மண்ணாம். நம்ம வெளியில இருந்து வந்தவங்களாம். மேட்டு மலைய நம்ம சும்மா காடாப் போட்டு வச்சிருக்கோமாம். அவரு வந்தா அத நம்மகிட்ட இருந்து எடுத்து கிராமத்துப் பிள்ளைங்களுக்குக் குடுப்பாராம். நான் ஒண்ணும் கூட்டல, ஒண்ணும் கொறைக்கல."

ஆண்டியப்பன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எவன்டா எங்க மலைய எடுக்கிறவன்?" அவர் பார்த்தது மேடையை இல்லை, வலது பக்கத்தை. அங்கேயும் நாலைந்து இளைஞர்கள் எழுந்துவிட்டார்கள். நடுப்புல்லில் யார் முதலில் கால் வைக்கிறார்கள் என்பதுதான் மிச்சம்.

"ஆண்டியப்பண்ணே, உக்காருங்க! நான் இன்னும் முடிக்கல" என்று அக்கா போட்ட சத்தத்தில் ஆண்டியப்பனே அசந்துபோனார். அக்கா வலது பக்கம் திரும்பிச் சிங்களத்தில் பேசினார். "அம்மாமாரே, ஐயாமாரே, இதே முதலாளி போன மாதம் எங்கள் கிளப்பில் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மேட்டு மலைக்கு எங்கள் பெயரில் உறுதி வாங்கித் தருவாராம். கொழுந்து விலை விழுந்தது உங்களாலாம். நீங்கள்தான் நனைத்துக் கொண்டுவருகிறீர்களாம். நான் அதைத் தமிழில் சொன்னேன். இப்போது சிங்களத்தில் சொல்கிறேன்."

முதலாளி மைக்கைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தார். பாவம், நங்கி களைத்துவிட்டாள், ஏதோ குழம்புகிறாள் என்றார். அப்போது கிராமத்துப் பக்கத்தில் பச்சைக் குடையோடு ஓர் அம்மா எழுந்தார். சோமாவதி. மடுவத்தில் தினமும் பார்க்கிற முகம். அரை ஏக்கர் தேயிலை, வேலையில்லாத இரண்டு பையன்கள்.

"முதலாளி, நனைக்கிற கதையை எங்களிடமும் சொன்னீர்கள். ஆளை மட்டும் மாற்றிச் சொன்னீர்கள்" என்றார் அவர். "இந்தப் பெண் சொன்னது பொய்யா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும்."

முதலாளி நாட்டைப் பற்றிப் பேசினார், சதியைப் பற்றிப் பேசினார், மூதாதையர்களைப் பற்றிப் பேசினார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் பேசவில்லை. மழை பிடித்துக்கொண்டது. எழுந்து நின்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் குடையை விரித்தார்கள். அடிதடி நடக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

தேர்தலில் முதலாளி வென்றார். எங்களைப்போல எத்தனையோ ஊர், எல்லா ஊரிலும் பெற்றீசியா அக்கா இல்லையே. அக்காவை அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை, கைக்கு வந்த சின்ன வருமானமும் போயிற்று. அந்த வாரம் வீட்டுக்கு வந்த அன்டன், "ஒனக்கு எதுக்குடி இந்த வம்பு" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார். கத்தி முடித்து, சோற்றைத் தின்று, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டு மலைக்குப் போய்ப் பொழுது சாயும்வரை புல் செதுக்கினார். இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் தூங்காமல் போன முதல் லீவு அதுவாக இருக்கும்.

மடுவத்தில் உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. பேச வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். ஆடி பிறந்ததும் எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரன் மூச்சு மாதிரி ஒரு வறண்ட காற்று அடிக்கும். பறித்த கொழுந்து கூடையிலேயே வாடிப்போகும். அந்தக் காற்றிலும் தண்ணீர்க் கழிவு நிற்கவில்லை. ஒரு நாள் சோமாவதி தன் கொழுந்தைத் தூக்கி வந்து அக்காவின் முன்னால் கொட்டினார்.

"நங்கி, தொட்டுப் பார். இதில் எங்கே தண்ணீர்?"

"என்னுடையதைத் தொட்டுப் பாருங்கள் அக்கே. எங்களுக்கும் கழிக்கிறார்கள்."

சோமாவதி யோசித்தார். பிறகு தன் கொழுந்தை அக்காவின் சாக்கிலும், அக்காவின் கொழுந்தைத் தன் சாக்கிலும் போட்டுத் தராசுக்கு அனுப்பினார். முதலாளியின் தராசுக்காரன், உள்ளே இருப்பது கிராமத்துக் கொழுந்து என்று தெரியாமல், அக்காவின் சாக்கைப் பார்த்து, தோட்டத்துக் கொழுந்து, ஈரம் என்று கழித்தான். சோமாவதியின் சாக்கைப் பார்த்து, தோட்டத்தோடு கலந்து போகிறதே என்று அதே அளவு கழித்தான். சோமாவதி போட்ட சத்தத்தில் லொறிக்காரர் இறங்கி ஓடிவந்தார். சோமாவதி திட்டியது எதையும் ஆண்டியப்பனுக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை. ஆனாலும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதற்குப் பிறகு கழிவு கேட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து சாக்கைத் தராசிலிருந்து இறக்கின. இரண்டு பக்கத்துக் கொழுந்தும் சேர்ந்து கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, கந்தப்பளைப் பக்கத்து பெக்டரி ஒன்று தன் லொறியை அனுப்பிப் பார்த்தது. விலை வானத்துக்கு ஏறிவிடவில்லை, காற்றில் காய்ந்த கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு பிடிப்பது மட்டும் நின்றுபோனது. நான் சொன்னேனே, வாங்குகிறவன் இரண்டு பேராவது வேண்டும் என்று. இப்போது பருப்பு வாங்க வருகிறவர்கள் கொஞ்சம் நின்று கேட்கிறார்கள்.

முதலாளி சும்மா இருப்பாரா? மேட்டு மலை வெறும் காடு, கிராமத்து மக்கள் அதைக் கேட்கிறார்கள் என்று மேலே மனுக் கொடுத்துவிட்டார். நுவரெலியாவிலிருந்து ஒரு காணி அதிகாரி பார்க்க வந்தார். அன்று காலையிலிருந்தே அக்கா தன் துண்டின் நடுவில் நின்றார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. மேலே நாங்கள், கீழ்ப் பாதையில் கிராமத்து ஆட்கள்.

அதிகாரி மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார். "கிராமத்தில் யாருக்கெல்லாம் இந்தக் காணி வேண்டும்?" மூன்று பையன்கள் கையைத் தூக்கினார்கள். அதில் ஒருவன் சோமாவதியின் இளையவன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

சோமாவதி மகனின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு முன்னால் வந்தார். "எங்களுக்குக் காணி வேண்டும் மாத்தயா. வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என் மகன் எத்தனை நாளைக்கு வீட்டில் இருப்பான்? ஆனால் இது காடு இல்லை. இவர்கள் இதை வெட்டித் திருத்தியதை நான் கீழே இருந்து தினமும் பார்த்தேன். இன்றைக்கு இவர்களிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுப்பவர், நாளைக்கு என்னிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுப்பாரோ? இவர்களுடைய மலை எங்களுக்கு வேண்டாம்."

அதிகாரி அக்காவைப் பார்த்து, "உங்கள் ஆட்களுக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்றார்.

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. எத்தனை ஏச்சை, எத்தனை அலட்சியத்தை மாற்றிப் பேசியிருக்கிறது அந்த வாய். இந்த நாலு வார்த்தையைச் சொல்ல முடியாமல் கண்ணீர் வழிந்தது.

"என்னம்மா? போச்சா? எடுத்துட்டாங்களா?" ஆண்டியப்பனின் குரல் உடைந்துவிட்டது.

"இல்லண்ணே" என்றார் அக்கா. "அவங்களுக்கும் நெலம் வேணுமாம். ஆனா நம்மளோடது வேணாமாம்."

ஆண்டியப்பன் கீழே நின்ற அந்தப் பையனைப் பார்த்தார், சோமாவதியைப் பார்த்தார், மீசையை ஒரு தடவை தடவினார்.

"அந்தப் பயலுக்கும் கேப்போம்னு அவங்ககிட்ட சொல்லு" என்றார். "ஆத்தோரம் கம்பெனி தரிசாப் போட்டு வச்சிருக்கே, அதக் கேப்போம். நம்ம பிள்ளைங்களுக்கும் அவங்க பிள்ளைங்களுக்கும் சேத்து. நானும் வந்து கேக்குறேன்னு சொல்லு."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோமாவதியிடம் அதைச் சிங்களத்தில் சொன்னார்.